கவிழ்த்து வைத்த படகு

ரெசின் பசை இறுகுவதற்குள் அந்தக் குமிழியை அமுக்கியாக வேண்டும். ஸ்டான்லி ரோலரை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் தோளில் இறக்கி, பிசுபிசுவென்று கிடந்த ஃபைபர் மேட் விரிப்பின் மேல் ஒரே மூச்சில் உருட்டினான். குமிழி தட்டையானது. ரோலரை எடுத்தான். குமிழி எழுந்தது.

மறுபடி உருட்டினான். மறுபடி எழுந்தது.

விரிப்புக்கு அடியில் காற்று மாட்டிக்கொள்வது அவனுக்குப் புதிதில்லை. ஆனால் மாட்டிய காற்று ரோலருக்குப் பயந்து ஓரமாக ஓடிவிடும். இது ஓடவில்லை. ஒரே இடத்தில் நின்று ஏறியது, இறங்கியது, ஏறியது. அவசரமே இல்லாமல். தூங்குகிற ஆளின் வயிறு மாதிரி.

“ஏய்!” என்று கத்தினான், ஆள் இல்லாத பட்டறையில், படகைப் பார்த்து.

படகின் அடிப்பக்கத்திலிருந்த இதே ஓட்டையை அவன் அடைப்பது மூன்றாவது தடவை. முதல் தடவை திறந்துகொண்டபோது மார்கழிக் குளிரைத் திட்டினான். குளிரில் ரெசின் லேசில் இறுகாது. இறுக வைக்கிற ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் இறுகும், ஆனால் அடுப்பில் வைத்த மாதிரி கொதித்துவிடும். இரண்டாவது தடவை, எவனோ திமிரெடுத்தவன் வந்து குத்திவிட்டுப் போகிறான் என்று முடிவுகட்டி, பட்டறைக் கதவுக்குக் கனமான மாங்காப் பூட்டு வாங்கிப் போட்டான். காலையில் பூட்டு போட்டது போட்டபடி தொங்கியது. ஓட்டை மட்டும் வாயைத் திறந்திருந்தது.

வடமதுரையில், திருச்சி ரோட்டை ஒட்டிய பட்டறை அது. தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு என்று ஃபைபரில் எது கேட்டாலும் செய்வான். படகு இதுதான் முதல். இரண்டு பேர் போகிற சின்ன மீன்பிடிப் படகு. அடிப்பக்கத்தில் வேலை என்பதால், இரண்டு இரும்பு ஸ்டாண்டின் மேல் அதைக் கவிழ்த்து வைத்திருந்தான். தரைக்கும் படகுக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு இருட்டு.

இதே மாதிரி கவிழ்ந்துதான் ஐப்பசியில் இது எரியோட்டுப் பக்கத்துக் குளத்தில் மிதந்தது. அவனுடைய அண்ணன் சகாயராஜும், படகுக்குச் சொந்தக்காரரான கூட்டாளி கண்ணுசாமியும் வலை போடப் போன ராத்திரி. விடிந்ததும் ஆட்கள் பார்த்தபோது கண்ணுசாமி படகின் முதுகில் குப்புறப் படுத்திருந்தார், இரண்டு கையையும் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, குளிரில் விறைத்து. கரைக்கு இழுத்து நிமிர்த்தினார்கள். அடியில் சகாயராஜ் இருந்தான். காலெல்லாம் வலை.

“சத்தமே இல்லப்பா. கவுந்ததுமே வலை இழுத்துட்டுப் போயிருச்சு. கொஞ்சம் குடிச்சிருந்தான், சொல்லக் கூடாது” என்றார் கண்ணுசாமி. சொல்லக் கூடாததை ஊர் முழுக்கச் சொன்னார்.

கரைக்கு இழுக்கும்போது பாறை குத்திய ஓட்டை என்றும் அவர்தான் சொன்னார். படகை வண்டியில் ஏற்றி வந்து இறக்கியபோது ஓட்டையின் விளிம்பு வட்டமாக, வழுவழுவென்று அறுக்கப்பட்டிருந்தது. “நானே அறுத்துச் சுத்தம் பண்ணிட்டேன், உனக்கு வேல மிச்சம்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே படகைப் பழுதுபார்க்க ஸ்டான்லி வாங்கி வைத்துக்கொண்டான். அண்ணனைக் கொன்ற சாமான். வேறு எவனும் இதில் கை வைக்கக் கூடாது.

“இன்னும் முடியலையா இந்தப் பாடையோட வேல?”

வாசலில் அண்ணி அறிவுச்செல்வி நின்றாள். கையில் சோற்றுத் தூக்கு. உள்ளே வரமாட்டாள், படகு வந்த நாளிலிருந்து.

“குளிருக்கு எறுக மாட்டேங்குது மதினி.”

“எறுகாட்டி கொளுத்து. கண்ணுசாமி அண்ணே வந்துட்டுப் போனாரு. தை பொறந்ததும் தண்ணியில எறக்கணுமாம். அகரத்துலருந்து எவனோ புதுசா கூட வாரானாம். அவங்கிட்ட என்ன சொன்னாராம் தெரியுமா? சகாயராஜ் மாதிரி குடிச்சிட்டு வந்துராதன்னாராம். பிள்ள காதுல விழுகுறாப்புல சொல்றாரு.”

ஸ்டான்லி ரோலரை டப்பாவில் எறிந்தான். “அண்ணே குடிக்காது மதினி.”

“எங்கிட்ட எதுக்குச் சொல்ற? ஊருக்குச் சொல்லு. காய்ச்சல் மாத்திர போட்டுட்டுப் போன மனுசன். நாளைக்கு எம்பிள்ளைய, குடிகாரன் மகன்னுதான் கூப்பிடப் போறாங்க.” தூக்கை வாசற்படியில் வைத்தாள். போகவில்லை. “இன்னொன்னு. அவுக வலது கையத் துணி சுத்தித்தான் பெட்டியில வச்சாங்க. மீன் கடிச்சிருச்சுன்னாங்க. நான் அவுத்துப் பாத்தேன்.”

“மதினி…”

“விரல் முட்டியில மட்டும் சத இல்லப்பா. அஞ்சு முட்டியிலயும். மீனு முட்டிய மட்டுமா பாத்துக் கடிக்கும்?”

அவள் போய்விட்டாள். எதிர்வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கை ஏற்றினார்கள். இந்த வருடம் ஸ்டான்லி வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. சிவப்பு வெளிச்சம் ரோட்டைத் தாண்டி வந்து, படகின் வெள்ளை முதுகில் விழுந்து, குமிழி ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கியது.

கை கழுவப் பின்பக்கம் போனான். திரும்பி வந்தபோது பட்டறையில் ரெசின் நெடி இல்லை. எப்போதும் மூக்கை அறுக்கிற அந்த நெடியை, குளத்து அடிச்சேற்றின் வாடை, அழுகிய பாசியும் ஜிலேபிக் கெண்டையும் ஈர வலையும் கலந்த வாடை, முழுசாகத் தின்றிருந்தது. சிமெண்ட் தரையில், படகுக்கு நேர் கீழே, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

ஓட்டை திறந்திருந்தது.

உள்பக்கம் தாங்கலுக்கு வைத்திருந்த அட்டை ஊறிப்போய்க் கீழே கிடந்தது. அதன் நடுவில் ஒரு கை நுழைகிற கிழிசல். ஸ்டான்லி செல்போன் டார்ச்சைப் போட்டு ஓட்டையின் விளிம்பைப் பார்த்தான். பாதி இறுகிய ஃபைபர் பூ விரிந்த மாதிரி கிழிந்து நின்றது. வெளிப்பக்கமாக.

பாறை குத்தினால் உள்ளே மடங்கும். வெளியே மடங்காது. முதல் ஓட்டையும் இப்படித்தான் வெளிப்பக்கமாக மடங்கியிருக்க வேண்டும். ஃபைபரில் பிழைப்பு நடத்துகிறவனுக்குத் தெரியாதா? தெரிந்துவிடும் என்றுதானே வட்டமாக அறுத்துக் கொண்டுவந்தான், அந்த ஆள்!

பயமும் கோபமும் ஒன்றாக ஏறின. கோபம் முந்திக்கொண்டது. போனை எடுத்தான்.

“கண்ணுசாமி அண்ணே, படகு முடிஞ்சிருச்சு. வந்து பாத்துட்டுப் போங்க.”

“காலையில வாரேனேலே.”

“இப்ப வாங்க.”

காத்திருந்த நேரத்தில் நான்காவது தடவை ஓட்டையை அடைத்தான். புது அட்டை, புது மேட். ஹார்டனரை அளக்கவில்லை. பாட்டிலைக் கவிழ்த்தான். ரெசின் கையுறைக்குள்ளேயே சுட ஆரம்பித்தது. உருட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டது. படகுக்கு உள்ளேயிருந்து.

டொக், டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

ஸ்டான்லியின் கை நின்றது. அந்தத் தட்டு அவனுக்குத் தெரியும். குளத்தில் வலையை வளைத்துப் போட்டதும் ஒருவர் படகின் பக்கவாட்டில் தட்டி மீனை விரட்டுவார். மீன் மாட்டியதும் தட்டு மாறும். மூன்று, அப்புறம் ஒன்று. ‘தூக்கு’ என்று அர்த்தம். இருட்டில் முகம் தெரியாத கூட்டாளிக்குச் சொல்கிற சேதி. அண்ணனோடு போன நாட்களில் அவனே அந்தத் தட்டுக்கு வலை தூக்கியிருக்கிறான்.

குனிந்து, டார்ச்சை அடித்து, படகின் உள்ளே பார்த்தான். காலி. முன்பக்கப் பெட்டியும் காலி. அதில் தெர்மாகோல் இருந்தது ஒரு காலத்தில். படகு கவிழ்ந்தாலும் முழுகாமல் தாங்குகிற தெர்மாகோல். “மீனும் ஐஸும் வைக்க எடம் வேணும்லே” என்று கண்ணுசாமி பிய்த்துப் போட்டார். அப்படியானால் அன்றைக்கு ராத்திரி முழுக்கப் படகை எது தாங்கியது? குடத்தைக் குப்புறக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று நிற்குமே, அந்தக் காற்றுதான்.

காற்று நின்றிருந்தால்.

உள்ளே மூச்சும் விட்டிருக்கலாம்.

வெளியே மொபெட் வந்து நின்றது.

“என்னலே, கப்பலா கட்டுற இம்புட்டு நாளா?” கண்ணுசாமி தோளில் துண்டோடு உள்ளே வந்தார். படகைக் கண்டதும் வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். “எதுக்குக் கவுத்தே வச்சிருக்க? நிமித்துப் போட வேண்டியதுதான?”

“பக்கத்துல வந்து பாருங்கண்ணே.”

“இங்கருந்தே தெரியுது.”

“என்ன தெரியுது? வாங்கண்ணே. உங்க படகுதான, என்ன பயம்?”

“எனக்கென்னலே பயம்?” வந்தார். நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்தார். ஈர மேட்டிலிருந்து லேசாக ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. “சூடா இருக்கு.”

“எறுகுது. அண்ணே, அன்னைக்கு எங்க அண்ணன் ஏதாச்சும் சத்தம் குடுத்துச்சா?”

“எத்தன வாட்டிலே சொல்றது? சத்தமே இல்ல. குடிச்சவன் என்ன சத்தம் குடுப்பான்?”

டொக், டொக், டொக்.

கண்ணுசாமியின் வாய் அப்படியே நின்றது.

டொக்.

“எலி” என்றார். யாரும் என்னவென்று கேட்கவில்லை.

குமிழி எழுந்தது. இந்தத் தடவை இறங்கவில்லை. பெருத்தது. மேட் இழுபட்டது, விரிந்தது, நடுவில் வெளுத்தது. கிழிந்தது. உள்ளேயிருந்து ஒரு நீண்ட சீறல். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி. குளிர்ந்த, நாறிய, ஈரமான காற்று இருவர் முகத்திலும் அடித்தது.

ஸ்டான்லி பின்வாங்கினான். கண்ணுசாமி முன்னால் பாய்ந்தார்.

தோளிலிருந்த துண்டை உருவினார். ஒரே சுழற்றலில் பந்தாக்கினார். ஓட்டையில் திணித்தார். இரண்டு கையாலும் அமுக்கி, அதன் மேல் குப்புற விழுந்து வயிற்றின் பாரத்தையும் கொடுத்தார். யோசிக்கவே இல்லை. பழகிய கை.

“காத்து போகுதுலே! காத்து போனா முழுகிரும்!”

சிமெண்ட் தரையில், ஸ்டாண்டின் மேல் நிற்கிற படகு.

சீறல் நின்றுவிட்டது. பட்டறையில் மூச்சுச் சத்தம் மட்டும். கண்ணுசாமி மெதுவாகத் தலையைத் திருப்பி, தான் எங்கே படுத்திருக்கிறோம் என்று பார்த்தார். பிறகு ஸ்டான்லியின் முகத்தைப் பார்த்தார்.

“ஓட்டையப் போட்டு உள்ளருந்து கைய நீட்டிருக்கு” என்றான் ஸ்டான்லி. அவன் குரல் அவனுக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. “எங்கண்ணே கையி.”

“எனக்கு நீச்சத் தெரியாது அப்பு.”

“பிடிச்சுத் தூக்கிருக்கலாமே.”

“காத்து போயிருந்தா ரெண்டு பேரும்…” அவர் எழப் பார்த்தார். வலது கை வரவில்லை. இழுத்தார். வரவில்லை. துண்டோடு சேர்ந்து கை மணிக்கட்டு வரை உள்ளே போயிருந்தது. சுற்றிலும் ரெசின் கொதித்து, புகைந்து, இறுகிக்கொண்டிருந்தது. “ஏலே சுடுதுலே! எடுத்து விடுலே! உள்ள… உள்ள எதுவோ பிடிக்குது!”

கை முழங்கை வரை போனது. ஒரு இழுப்பில்.

அவருடைய கன்னம் படகின் முதுகில் ஒட்டியது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இடது கை மட்டும் வெள்ளை ஃபைபரின் மேல் தவித்தது, அப்புறம் முட்டியை மடக்கி அடித்தது.

மூன்று. இடைவெளி. ஒன்று.

தூக்கு.

ஸ்டான்லி தூக்கவில்லை. குனிந்தான். டார்ச்சைப் படகுக்கு அடியில் அடித்தான். உள்ளே வெறும் இருட்டில், எதுவும் இல்லாத காற்றில், கண்ணுசாமியின் கை தொங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறின மாதிரி தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஐந்து விரலும் அகல விரிந்து நின்றன. ஒவ்வொரு இரண்டு விரலுக்கு நடுவிலும் கண்ணுக்குத் தெரியாத வேறொரு விரல் கோத்துப் பிடித்திருப்பது, சதையில் விழுந்த பள்ளங்களில் மட்டும் தெரிந்தது.

அவன் பயந்தான். ஆனாலும் எழுந்து ரெசின் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தான், அந்த முகத்துக்கு நேராக. எதிர்வீட்டு நட்சத்திரம் இரண்டு பேர் மேலும் சிவப்பாக விழுந்தது.

“எங்கண்ணே எம்புட்டு நேரம் தட்டுச்சு?”

கண்ணுசாமியின் இடது கை படகில் அடித்தது. மூன்று. ஒன்று. உள்ளேயிருந்து, அதே நிதானத்தில், பதில் தட்டு வந்தது.

“எம்புட்டு நேரம்ணே?”

நசுங்கிய உதடு ஃபைபரின் மேல் அசைந்தது.

“நல்லா வெளுக்குற வரைக்கும், அப்பு. ஆளுக கரையிலருந்து கூப்பிடுறப்பக்கூட… தட்டிக்கிட்டுத்தான் இருந்தான்.”