திமிலில் விழாத வாள்

மேற்றிசையில் செங்கதிரோன் மணற்குன்றுகளின் பின்னே இறங்கிக்கொண்டிருந்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை அலை அலையாய் உறைந்து கிடந்த அந்த மருநிலத்தின் நடுவே, நீர் வற்றிப்போன கிணறு ஒன்றைச் சுற்றிலும், நாவறண்ட வீரர்கள் சிலரும் தலை தொங்கிய குதிரைகள் சிலவும் சோர்ந்து கிடந்த காட்சி கல்நெஞ்சையும் கரைப்பதாயிருந்தது. வாசகர்களே! குதிரை வாங்குவதற்காகப் பாண்டிய நாட்டிலிருந்து இவ்வளவு தொலைவு வந்த தூதுக்குழு அது. அதன் தளபதி விடங்கன், மூட்டை சுமந்து வந்த ஒற்றை ஒட்டகத்தின் அருகே உருவிய வாளுடன் நின்றான்.

"இதன் திமிலுக்குள் தண்ணீர் இருக்கிறதாம். வேறு வழியில்லை" என்று வாளை ஓங்கினான்.

"நிறுத்துங்கள், தளபதி!"

குறுக்கே பாய்ந்தவள் பூங்குழை. வணிகர் கூட்டத்தைத் தவறவிட்ட மதுரைப் பெண் என்று சொல்லி, வழியில் அவர்களோடு சேர்ந்துகொண்டவள்.

"திமிலில் இருப்பது நீரல்ல, கொழுப்பு! இரை கிடைக்காத நாட்களில் அதுதான் இதன் உயிரைக் காக்கிறது. கட்டவிழ்த்து விடுங்கள். ஈரமண் எங்கிருந்தாலும் இது மோப்பம் பிடித்துவிடும்."

விடங்கன் ஓங்கிய வாளால் அதன் கயிற்றை அறுத்தான்.

ஒட்டகத்தைப் பின்தொடர்ந்து சிறிது தூரம் செல்வதற்குள் மணற்காற்று சீறி எழுந்தது. வீரர்கள் முகத்தை மூடிக்கொண்டு தடுமாறினார்கள்; குதிரைகள் முழங்கால் வரை புதைந்து திணறின. ஒட்டகமோ நாசித் துவாரங்களை இறுக மூடிக்கொண்டு, அடர்ந்த இரட்டை இமைமயிர்களால் மணலைத் தடுத்து, அகன்ற மெத்தைப் பாதங்களைப் பரப்பி, சமதரையில் நடப்பதைப் போல் நடந்தது. காற்று அடங்கியபோது, பேரீச்ச மரங்களுக்கிடையே ஒரு சுனை நிலவொளியில் மின்னியது!

எல்லோரும் குடித்து ஓய்ந்த பின்னும் ஒட்டகம் குடித்துக்கொண்டேயிருந்தது. விடங்கன் பூங்குழையைத் தனியே அழைத்தான். தாகம் தணிந்த அவன் முகத்தில் கலக்கம் குடிகொண்டிருந்தது.

"மதுரைப் பெண்ணுக்கு ஒட்டகத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தது எப்படி?"

அவள் தலை நிமிர்ந்தாள். "தமிழ், பாண்டிய நாட்டவளான என் தாய் தந்தது. ஒட்டகம், இந்நாட்டு அரியணையைப் பறிக்க வஜ்ரசேனன் கொன்ற என் தந்தை தந்த கல்வி. இந்த மருநாட்டு இளவரசி சாருமதி நான்தான்."

விடங்கன் திடுக்கிட்டான். தப்பியோடிய இளவரசியைக் கண்டால் துரத்தாமல் விடுவதில்லையென்று, அந்த வஜ்ரசேனன் முன்னிலையில் வாளைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தான் அவன். குதிரைகள் தருவதற்கு வஜ்ரசேனன் கேட்ட விலை அதுவே!

"வாய் திறக்காமல் இருந்திருந்தால் தங்கள் இரகசியம் பிழைத்திருக்குமே, தேவி?"

"நீங்கள் பிழைத்திருக்க மாட்டீர்களே!"

அவன் நெடுமூச்செறிந்தான். "ஒட்டகத்தில் ஏறிப் புறப்படுங்கள். விடிந்ததும் தங்களை நான் துரத்தியே ஆகவேண்டும். கொடுத்த வாக்கு தவற மாட்டேன்."

"எதில் ஏறித் துரத்துவீர்கள்?"

"குதிரையில்."

சாருமதியின் கண்களில் நீர் துளும்பியது. "அந்த மணலில் குதிரை ஒரு காத தூரம் கூடத் தாங்காதே, தளபதி!"

"அறிவேன்" என்று சொல்லி, ஒட்டகத்தின் கயிற்றை அவள் கையில் வைத்தான் விடங்கன்.