குறை சொன்னால் பச்சை

காலை பத்து மணிக்கு என் இடது மணிக்கட்டிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது. "ஏட்டி, இப்ப யாரத் திட்டிக்கிட்டு இருக்க?"

"மூணாம் பம்பத்தான்," என்றேன். மணிக்கட்டுப் பட்டையில் பச்சை விளக்கு எரிந்து அடங்கியது. நான் விட்ட இடத்திலிருந்து மூன்றாம் பம்பைத் திட்டத் தொடங்கினேன்.

குரல்தான் அவருடையது, ஆள் அங்கே இல்லை. லம்பர்ட் அந்நேரம் மன்னார் வளைகுடாவின் நடுவே ஒரு காற்றாலைக் கோபுரத்தில் இருந்தார். நான் தூத்துக்குடிக் கடற்கரையில், கடல்நீரைக் குடிநீராக்கும் உவர்நீக்கு நிலையத்தில் இருந்தேன். அங்கே அவர் ஒருத்தர், இங்கே நான் ஒருத்தி. இப்போது எல்லா இடத்திலும் அப்படித்தான். வேலையை எந்திரங்கள் பார்த்துக்கொள்கின்றன. ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டுமே என்று பக்கத்தில் ஓர் ஆளை வைக்கிறார்கள். இரண்டாவது ஆள் எதற்கு என்று கேட்டால் யாரிடமும் காரணம் இல்லை. புறணி பேச ஒரு துணை வேண்டும் என்பதை எந்த அலுவலகமும் காரணமாக ஏற்றுக்கொள்வதில்லை.

தனியாக வேலை பார்ப்பவர் எல்லாரும் கையில் காப்பொலி கட்டியாக வேண்டும். அலாரம்தான், அரசாங்கம் அதற்கு நல்ல பெயராக வைத்திருக்கிறது. முதலில் வந்தவை அசைவைப் பார்த்தன. ஆள் அசையாமல் கிடந்தால் கத்தும். மத்தியானம் கண்ணயர விடமாட்டேன் என்கிறது என்று நம் ஆட்கள் அதைக் கழற்றி, சுற்றுகிற மின்விசிறியில் கட்டிவிட்டார்கள். பிறகு நாடி பார்ப்பவை வந்தன. அவை ஏணி ஏறினாலும் அலறின, கிரிக்கெட் பார்த்தாலும் அலறின. நாளடைவில் யாரும் காதில் வாங்கவில்லை.

அப்புறம் வந்தது பேசும் காப்பொலி. மணிக்கு ஒருமுறை "நலமாக இருக்கிறீர்களா?" என்று அழகான குரலில் கேட்கும். ஒரு கிடங்கில் இரும்பு ரேக் சரிந்து, கால் முறிந்து ஒருவர் கிடந்தார். காப்பொலி கேட்டது. "நல்லாருக்கேன்," என்றார். அடுத்த மணிக்கும் கேட்டது. அப்போதும் அவர் நன்றாகத்தான் இருந்தார். யார் நலம் விசாரித்தாலும் அதைச் சொல்லித்தானே வளர்ந்திருக்கிறோம். உயிர் போகிற நேரத்திலும் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. சாயங்காலம் ஆளைக் காணோமே என்று மனைவி தேடிப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அதற்குப் பிறகு கொண்டுவந்ததுதான் வீட்டார் விதி. காப்பொலியை வேலை பார்ப்பவர் தேர்வு செய்யக்கூடாது. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் அழுவார்களோ அவர்தான் தேர்வு செய்ய வேண்டும். என்ன கேள்வி கேட்பது, எந்தப் பதில் வந்தால் ஆள் சுகம், எந்தப் பதில் வந்தால் ஆபத்து, எல்லாம் அவர் பொறுப்பு. கேள்வியும் அவர் குரலில்தான் ஒலிக்கும். 'யாரைத் திட்டுகிறாய்' என்ற கேள்வியை எனக்கு லம்பர்ட் வைத்தார். யாரையும் இல்லை என்று நான் சொன்னால் சிவப்பு. இதற்காக அவரோடு நான் போட்ட சண்டை தெரு முழுக்கக் கேட்டது. அடங்கி யோசித்தபோது, மனுஷன் சரியாகத்தான் வைத்திருக்கிறார் என்று தோன்றியது.

அவருக்கு நான் தேர்வு செய்யப் போனது துறைமுகத்துக் காப்பொலிக் கூடத்துக்கு. அங்கே அலுவலர் இசக்கித்துரை, எங்கள் ஊர்ப் பையன்தான், வரிசையாக ரகங்களைக் காட்டினான். எதுவும் எனக்குச் சரிப்படவில்லை.

"அண்ணன் நல்லா இருக்கும்போது எப்படிப் பேசுவாவ, அத மட்டும் சொல்லுங்கக்கா," என்றான்.

"அவிய நல்லா இருந்தா நல்ல வார்த்தையே பேசமாட்டாவ."

"புரியல."

"காய்ச்சல் வந்தாத்தான் அந்த மனுஷன் வாயில நல்ல சொல்லு வரும். சோறு போட்டா நல்லாருக்குன்னுட்டு பேசாம சாப்பிடுவாவ. அப்பவே நான் நெத்தியத் தொட்டுப் பாப்பேன். உடம்புக்கு ஒண்ணுமில்லன்னா உப்பு கூடம்பாவ, புளி செத்துப் போச்சும்பாவ."

இசக்கித்துரை பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அப்ப குறை சொன்னா பச்சை. பாராட்டுனா சிவப்பு. அப்படியா?"

"அப்படித்தான்."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிவு செய்தான். "சாப்பாடு எப்படி இருந்துச்சு?" என்று நான் ஒலிவாங்கியில் கேட்டேன். இரண்டு வாரத்துக்கு வேண்டியதைச் சமைத்து, உறையவைத்து, டப்பா டப்பாவாகக் கட்டிக்கொடுப்பவள் நான்தானே. மூன்று வேளையும் அந்தக் கேள்வி போகும். அவர் பதில் நான் சொன்ன குறிக்குள், அதாவது குறை சொல்வதாக, இல்லையென்றால் என் கைக்குத் தகவல் வரும். நான் உறுதி செய்தால் டர்பைன் நிற்கும், கோபுரத்தின் கதவெல்லாம் திறக்கும், காற்றோட்ட விசிறிகள் ஓடும், பக்கத்துப் படகு புறப்படும். கரையில் பல தெருக்களுக்கு மின்சாரமும் தடுமாறும். அதனால் வீணாக நிறுத்தக்கூடாது. இரண்டாம் முறை வீணானால் வீட்டாரின் உரிமை போய்விடும். பிறகு எந்திரமே அந்த அழகான குரலில் நலமா என்று கேட்கும். அவரும் நல்லாருக்கேன் என்பார்.

காப்பொலி வந்த மாதமே நான் முதல் முறையை வீணாக்கிவிட்டேன். மத்தியானம் லம்பர்ட், "ஆகா, சாப்பாடுன்னா இதுதான்," என்றார். நான் பதறிக்கொண்டு கோபுரத்தையே நிறுத்தினேன். சரக்குப் படகு ஓட்டும் சூசையண்ணன் அன்று காலை ஒரு பொட்டலம் பிரியாணி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அதைத் தின்றுவிட்டுச் சொன்ன பேச்சு அது. துறைமுகத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் பிரியாணி விலை கேட்டார்கள். எனக்கு வெட்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். யாரோ வைத்த பிரியாணிக்கு ஆகாவாம்.

மூன்றாம் பம்பைத் திட்டிய அதே நாள் மத்தியானம் என் பட்டை நடுங்கியது. லம்பர்டின் பதில் குறிக்குள் இல்லை. அசைவு சரி. அறைக் காற்று சரி. நாடி கொஞ்சம் வேகம், ஏணி ஏறினால் இருக்கும் அளவு. உறுதி செய்யவா என்று கேட்டது. நான் பதிலை ஓடவிட்டேன்.

"அருமையா இருந்துச்சு பிலோமி. நீ வச்சா எதுதான் அருமையா இருக்காது."

ஏட்டி இல்லை, வெறும் பிலோமி. முதலில் எனக்குத் தோன்றியது பிரியாணிதான். சூசையண்ணனை அழைத்துக் கேட்டேன். இந்த வாரம் அந்தப் பக்கமே போகவில்லை என்றார். பிறகு லம்பர்டையே அழைத்தேன். உடனே எடுத்தார்.

"எங்க இருக்கிய?"

"பேட்டரி ரூம்ல. ஒரு குழாய் பாக்குதேன். பிலோமி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்ன?"

"வீட்டுக்குள்ள வரும்போது நீ அடுப்படியில நின்னு யாரையாவது ஏசிக்கிட்டு இருப்பல்லா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். படகுல வரும்போதே அதத்தான் நினைச்சுக்கிட்டு வருவேன். உன்கிட்ட சொன்னதே இல்ல." சொல்லிவிட்டு மெல்லச் சிரித்தார்.

குரலில் வலி இல்லை, பயம் இல்லை. இவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. கல்யாணத்தன்றுகூட பந்தியில் ரசம் சரியில்லை என்றுதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு இன்னும் கொஞ்ச நேரம் நீளாதா என்று இருந்தது எனக்கு. உண்மையைச் சொன்னால் என்ன, அதற்காகத்தானே இத்தனை வருஷம் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது உறுதி என்று அழுத்தினால், என் புருஷன் புத்தி தெளிவாக இருக்கும்போது இப்படிப் பேசமாட்டார் என்று நானே சாட்சி சொன்னதாகிவிடும். அது வீண் என்று ஆகிவிட்டால் அவர் பதிலைக் கேட்கிற உரிமையும் போய்விடும்.

"இன்னும் சொல்லுங்க," என்றேன். சொல்லிக்கொண்டே அழுத்தினேன்.

மூன்றாம் பம்ப் ஒருமுறை முனகி நின்றது. நிலையத்தின் விளக்குகள் மங்கின. போனில் கதவுகள் திறக்கிற சத்தமும் விசிறிகள் இரைகிற சத்தமும் கேட்டன. அதற்குள் லம்பர்ட் பேச்சை நிறுத்திவிட்டார். நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வாயில் என்னென்ன வந்தது என்று தெரியாது. அழுதேன், ஏசினேன், மாதாவையும் சேர்த்து ஏசினேன்.

படகில் போனவர் சூசையண்ணன்தான். பேட்டரி அறையின் வாசலில் லம்பர்ட் குப்புறக் கிடந்தாராம். மூச்சு இருந்தது. தீப்பிடிக்காமல் இருக்க அந்த அறையின் குழாய்களில் நைட்ரஜன் ஓடுகிறது. உள் மூலையில் ஒரு குழாய் கசிந்திருக்கிறது. சென்சார் கதவருகே இருந்ததால் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. "நைட்ரஜன் கேஸுக்கு வாசனை கிடையாது, மூச்சும் முட்டாது," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும்போது மனசு லேசாகி ஒரு குஷி வரும். அப்படியே விழுந்துருவாங்க. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ஆள் கிடைச்சிருக்க மாட்டார்."

மறுநாள் லம்பர்ட் கண் விழித்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு என்னைப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பார்த்தார்.

"இத மனுஷன் குடிப்பானாட்டி?"

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் என்னவோ ஏதோ என்று நர்சைக் கூப்பிட்டுவிட்டார்.

அழுது முடித்த பிறகு கேட்டேன். "போன்ல என்ன பேசினியன்னு ஞாபகம் இருக்கா?"

"என்ன பேசுனேன்?"

"சாப்பாடு நல்லாருந்துச்சுன்னு சொன்னிய." மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கேஸு," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு வலித்தது. ஆள் பிழைத்தது பெரிசு என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தேன், அது கேட்கவில்லை. பதிவு என் பட்டையில் இருந்தது. அதை நான் மறுபடியும் ஓடவிடவில்லை. கேஸ் பேசிய பேச்சைக் கேட்டு மனசு குளிர எனக்கு இஷ்டமில்லை.

லம்பர்டுக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுத்தார்கள். திரும்பிப் போகும்முன் காப்பொலியைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். இசக்கித்துரை இந்தமுறை எழுந்து நின்று நாற்காலி போட்டான்.

"கேள்விய மாத்திருவோமாக்கா? புதுசா மூச்சப் பாக்கிற ரகம் வந்திருக்கு."

"அதையும் சேத்துக் கட்டு. கேள்வி இருக்கட்டும்."

"இப்படியே இருந்தா அங்கேருந்து அண்ணன் உங்கள ஒரு தடவகூட நல்லவிதமா சொல்ல முடியாது. சொன்னா படகு போயிரும். பரவாயில்லையா?"

"உசுரோட இருந்து குறை சொல்லட்டும்," என்றேன்.

புறப்படுகிற அன்று காலை படகுத்துறையில் நான்தான் அவர் கையில் பட்டையைக் கட்டப் போனேன். வீட்டார் கையால் கட்டுவதுதான் இங்கே வழக்கம். கட்டி முடித்த நொடியிலிருந்து அது கேட்கத் தொடங்கும். டப்பாக்களை எல்லாம் சூசையண்ணன் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். லம்பர்ட் கையை நீட்டினார், நீட்டிய கையை மறுபடி இழுத்துக்கொண்டார்.

"இரு. இப்ப கட்டாத."

"ஏன், இறுக்குதா?"

"அன்னைக்குப் பேசுனது எல்லாம் ஞாபகம் இருக்கு," என்றார். பேச்சு என்னிடம், பார்வை கடலிடம்.

"கேஸுன்னு சொன்னிய."

"கேஸுதான். அது இல்லாம எனக்குப் பேச வராது. ஆனா சொன்னதுல ஒண்ணும் பொய் இல்ல."

அவ்வளவுதான். கையை நீட்டினார். பட்டையின் துளையில் கொக்கி மாட்ட மாட்டேன் என்றது. சூசையண்ணன் இறங்கி வந்து தானே கட்டிவிட்டார். படகு கிளம்பியது.

அது அலைதடுப்புச் சுவரைத் தாண்டிய பிறகுதான், பதிலுக்கு நான் ஒன்றுமே சொல்லவில்லை என்பது எனக்கு உறைத்தது. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் அப்படியெல்லாம் பேசிக்கொள்கிறவர்கள் அல்ல நாங்கள். அதனால் அவர் திரும்பி வரும்வரை, தினமும் மூன்று வேளை, சாப்பாடு எப்படி இருந்தது என்று மட்டும்தான் என் குரல் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கும்.