நாற்பத்திரண்டாவது அழைப்பு

செம்பரம்பாக்கத்தில் அந்த மீன் குளிர்பதனக் கிடங்கின் வாசலில், அதன் அலாரப் பெட்டியைப் பராமரிக்கும் மஹீரா வண்டியை நிறுத்தியபோது உச்சிவெயில். தார் உருகி மணத்தது. கேட்டருகே ஓர் அம்மாள் மடியில் டிபன் பாக்ஸும் பழைய ஸ்வெட்டரும் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"சின்னப்பையன் சம்சாரம். வேம்புலியம்மாள். அவன் சாமானை வாங்கிக்கினு போக வந்துகீது," என்றார் சூப்பர்வைசர் உத்தமன். "நீ உள்ள வாம்மா."

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு ஞாயிறு மதியம், கிடங்கில் வேலைபார்த்த சின்னப்பையன் மூன்றாம் குளிர் அறைக்குள் மாட்டிக்கொண்டார். கதவின் உள்கொக்கி உறைந்துவிட்டது. உள்ளே சுவரில் சிவப்புப் பட்டன் உண்டு. அமுக்கினால் வெளியே இருக்கும் பெட்டி உத்தமனின் போனுக்கு மெயில் அனுப்பும். அன்று மெயில் வரவில்லை. சின்னப்பையன் உள்ளேயே விறைத்து இறந்துபோனார்.

"அமுக்கியிருந்தா ஓடியாந்திருப்போம்ல? மப்புல தூங்கிட்டான். வேற இன்னா?" என்றார் உத்தமன்.

மஹீரா லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்தாள். பதிவுகள் திறந்தன.

2.10. பட்டன். உள்நுழைவு மறுக்கப்பட்டது.

2.11. பட்டன். உள்நுழைவு மறுக்கப்பட்டது.

நாற்பத்தொரு வரிகள். முதலில் நிமிடத்துக்கு ஒன்று. பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. கடைசி இரண்டுக்கும் நடுவே பத்தொன்பது நிமிடம்.

மெயில் அனுப்பும் கருவிகள் பழைய பாஸ்வேர்டில் நுழைவதை நிறுத்தப்போகிறோம், ஒவ்வொன்றுக்கும் தனி பாஸ்வேர்ட் உருவாக்குங்கள் என்று மெயில் கம்பெனி மூன்று முறை எழுதியிருந்தது. மூன்றும் அவளுக்குத்தான் வந்தன. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டாள். மாத அறிக்கையில் மட்டும், முகப்பேர் ஆபீஸில் உட்கார்ந்தபடியே, 'சோதித்தாயிற்று, சரி' என்று எழுதினாள்.

அவளுக்குக் காது சுட்டது. உத்தமன் திரையை எட்டிப் பார்க்கிறாரா என்று பார்த்தாள். இல்லை.

பதிவுகளை அழித்தாள்.

பெட்டிக்கெனத் தனி பாஸ்வேர்ட் உருவாக்கி ஏற்றினாள். சோதனை மெயில் அனுப்பினாள். உத்தமனின் போன் டிங்கென்றது.

"வந்துட்சு. இதுக்குதான் இத்தினி நாளா?"

மறுபடி டிங்.

"இன்னொண்ணு அனுப்பினியா?"

"இல்லண்ணே."

"அறை மூணு, பட்டன், அழைப்பு நாப்பத்திரெண்டுன்னு போட்டுகீது. நாப்பத்திரெண்டா?"

பதிவுகளை அழித்தாயிற்று; பெட்டியின் கணக்கு பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

இருவரும் மூன்றாம் அறையைப் பார்த்தார்கள். போலீஸ் வந்துபோன நாளிலிருந்து வெளியே பூட்டு. கதவின் அடி இடுக்கிலிருந்து வெண்புகை மெல்லத் தரையில் தவழ்ந்தது. மீன் வாடை இல்லை. ஈரக் கம்பளியின் வாடை.

"அந்த ரூமுக்கு கரண்டே இல்லியேம்மா," என்றார் உத்தமன், மிகவும் தணிந்து.

"பழைய மெயில் எதாவது சிக்கியிருக்கும்ணே."

அப்போதுதான் உருவாக்கிய பாஸ்வேர்டை ரத்து செய்தாள். காத்திருந்தார்கள். சத்தமில்லை. வெண்புகை அவள் செருப்பு வரை வந்து நின்றது.

புது பாஸ்வேர்ட் நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லி, லேப்டாப்பைப் பைக்குள் திணித்து வெளியேறினாள்.

வேம்புலியம்மாள் எழுந்து வழியில் நின்றாள்.

"பாப்பா, என் ஊட்டுக்காரு குடிக்கமாட்டாரு. எங்க தெருவுல யார வேணா கேளு. புள்ளைங்கள ஸ்கூல்ல குடிகாரன் புள்ளைன்றாங்க. அந்தப் பொட்டில எதுனா தெரிஞ்சுதா? கூப்பிட்டாரா அவரு?"

ஒரே ஒரு வார்த்தை போதும். மஹீராவால் அந்த அம்மாளின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. டிபன் பாக்ஸின் மூடியைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா."

டிங்.

அவளுடைய போன். அவள் மெயில் முகவரியை அந்தப் பெட்டியில் யாரும் பதிந்ததில்லை.

வெளியே எடுத்தாள். விரல் ஒட்டிக்கொள்ளும் குளிர். அந்த வெயிலில், கண்ணாடி முழுக்க வெள்ளையாய்ப் பனி. துப்பட்டாவால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். பனி வெளிப்பக்கம் இல்லை.

உள்ளிருந்து ஒரு பெருவிரல் கண்ணாடியில் பதிந்தது. எடுத்தது. மறுபடி பதிந்தது.