மதிலடி வீடு

மகள் தும்பையைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு வந்ததும் சாப்பாட்டு மேசை இரண்டாகப் பிரிந்துவிடும். ஜன்னல் பக்கப் பாதி பூபாலனுடையது. அங்கே பல் அச்சுகளும், மெருகேற்றும் சின்ன இயந்திரமும், பெரம்பலூரில் யாருடையதோ ஒரு மேல்தாடையும் கிடக்கும். மறு பாதியில் அவன் மனைவி மங்கையர்க்கரசியின் கணினித் திரை எழும். பல்செட் செய்பவனும் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் எனும் முறைமைப் பொறியியல் படிப்பவளும் எட்டு மாதமாக அந்த ஒரே மேசையில் பிழைப்பை ஓட்டுகிறார்கள். எல்லைத் தகராறு வந்தால் அது பெரும்பாலும் டீ டம்ளர் வைக்கும் இடத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

அவளுக்கு ஆசிரியர் என்று ஓர் ஆள் இல்லை. திரைக்குள்ளிருந்து பேசும் பாடத்துணை என்ற இயந்திரக் குரல்தான் எல்லாம். அது பாராட்டாது, கோபப்படாது. பதில் சொன்னால் "ஏன்?" என்று கேட்கும். அந்த ஏனுக்குப் பதில் சொன்னால் அதற்கும் ஒரு ஏன் வைத்திருக்கும். நாற்பது பேர் சேர்ந்த இணைய வகுப்பில் இப்போது ஒன்பது பேர் மிச்சம். மற்றவர்களை அந்த ஏன் தின்றுவிட்டது.

"அறுபத்திரண்டு," என்றாள் அரசி. அன்றைய மாதிரித் தேர்வு முடிந்திருந்தது. தேர்ச்சிக்கு எண்பது வேண்டும்.

"அடடா."

"அந்த அடடாவைக் கொஞ்சம் சோகமாச் சொல்லலாம்."

"சோகமாத்தான் சொன்னேன். வாயில துணி கட்டியிருக்கேன்ல, தெரியல."

அவள் சிரித்துக்கொண்டே எழுந்துபோய், தவறிய கேள்விகளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதத் தொடங்கினாள். பிழையில்லாமல் வாய்விட்டு விளக்கும் வரை எதையும் அழிக்க மாட்டாள். பால் எடுக்கப் போகிற ஒவ்வொரு முறையும் தன் தோல்வியின் மேல் கைவைத்துத்தான் கதவைத் திறக்க வேண்டும். பூபாலன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மதிப்பெண் இறங்கும் நாட்களில் அவனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி வரும். அது வந்ததும் கூடவே ஒரு வெட்கமும் வரும். இப்படிப் படிக்கிற ஒருத்தி தோற்க வேண்டும் என்று நினைப்பவன் என்ன மனிதன் என்று தன்னையே கேட்டுக்கொள்வான். கேட்டுவிட்டு மறுபடியும் அப்படியே நினைப்பான்.

வாரம் ஒருமுறை 'வீட்டு விளக்கம்' என்று ஒரு மணி நேரம் உண்டு. படித்ததைக் கூட வசிக்கும் ஒருவருக்கு, பாடத்தின் சொற்கள் எதையும் பயன்படுத்தாமல், புரியவைக்க வேண்டும். வெரிஃபிகேஷனுக்கும் வேலிடேஷனுக்கும், அதாவது சரிபார்த்தலுக்கும் தகுதி காணுதலுக்கும் உள்ள வித்தியாசத்தில் அரசி இரண்டு வாரம் மாட்டிக்கொண்டாள். மூன்றாவது வாரம் அவன் கையிலிருந்த செட்டைப் பிடுங்கினாள்.

"இது அச்சுக்குச் சரியா உட்காருதா?"

"ஒரு மயிரிழை பிசகாது. யாரு செஞ்சது?"

"அது சரிபார்த்தல். இதைப் போட்டுக்கிட்டு அந்தம்மா முறுக்கு கடிப்பாங்களா?"

பூபாலன் யோசித்தான். "முறுக்கு சந்தேகம்தான்."

"அளவு எடுக்கும்போது முறுக்கு திம்பீங்களான்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"அதாங்க மத்தது," என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் கதவில் ஒரு வரியை அழித்தாள். அதன்பிறகு பூபாலன் அளவெடுக்கும் எல்லாரிடமும் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்கத் தொடங்கினான். திரும்பி வரும் செட்டுகள் பாதியாகக் குறைந்தன. இதை அவளிடம் சொல்லவில்லை.

அவன் நிம்மதிக்கும் வெட்கத்துக்கும் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. அவர்கள் இருவரும் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்தில் தென்பாத்தி என்ற ஊரில் ஓர் அணை போனது. அது பாதுகாப்பானது என்று கையெழுத்திட்டிருந்தவர்கள் எல்லாரும் தொலைதூர நகரங்களில் மாடி வீடுகளில் இருந்தார்கள். விசாரணையில், போட்ட கணக்கு எதிலும் பிழையில்லை என்று தெரிந்தது. போடாத கணக்கு ஒன்றுதான் ஊரைக் கொண்டுபோயிருந்தது. கணக்குப் போடும் வேலை அப்போதே இயந்திரங்களிடம் போய்விட்டது. அவை மனிதர்களைவிட நன்றாகவே போட்டன. ஆனால் கணக்கு தவறினால் இயந்திரத்துக்கு மூச்சு முட்டாது.

அதற்குப் பிறகு வந்ததுதான் உடனுறைவுச் சட்டம். அணையோ, கடல்மதிலோ, எதுவானாலும் அதற்குச் சான்றளிக்கும் முறைமைப் பொறியாளர், அது தவறும் நாளில் முதலில் அடிபடும் வீட்டில் குடியிருக்க வேண்டும். குடும்பத்தோடு.

புதுத்துறையில் அந்த வீடு கடல்மதிலின் காலடியில், ஊரிலேயே தாழ்ந்த தெருவில், முதல் வீடாக இருந்தது. அதில் வசிக்கும் பொறியாளர் ஓய்வு பெறப்போகிறார். மழைக்காலத்துக்குள் வேறொருவர் வராவிட்டால் நாற்பதாயிரம் பேரும் ஊரைக் காலி செய்ய வேண்டும். அந்த இடத்துக்குப் படிக்கத் தொடங்கிய மூவரில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மிஞ்சியது அரசி மட்டும்.

அரசி முதன்முதலில் இந்தப் பேச்சை எடுத்தது பூபாலனுக்கு நன்றாக நினைவிருந்தது. புதுத்துறை மதிலின் உணரிகள் அனுப்பும் எண்களைப் பெரம்பலூரிலிருந்தே கண்காணிப்பதுதான் பதினோரு வருடமாக அவளுடைய மாலை வேலை.

"எந்த இடத்துல கசியுது, எந்த மோட்டார் முனகுதுன்னு எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா ஒருநாள்கூட அதுக்குக் கீழ நின்னதில்லீங்க. அது சரியாப் படல."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

குடும்பத்தார் மறுக்கலாம் என்று சட்டத்தில் இடமிருந்தது. ஒரு சொல் போதும், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். ஆனால் அதை அரசியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பூபாலன் பலமுறை வாயெடுத்தான். ஒவ்வொரு முறையும் அவள் கதவில் எதையாவது அழித்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது மகளை அலைக்குக் கீழே படுக்கவைப்பதா என்று ஒரு மனம் கேட்டது. அந்த நாற்பதாயிரம் பேருக்கு அரசாங்கம் வேறு வீடு கொடுக்காமலா போகும் என்று அதே மனம் சமாதானமும் சொன்னது. அவளே தோற்றுவிட்டால் யாரும் யாரையும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

அவள் தோற்கவில்லை. எழுத்துத் தேர்வில் எண்பத்தெட்டு வாங்கினாள். மிச்சமிருந்தது வாய்மொழித் தேர்வு. அதில் முதல் பாதி அவளுக்கு. இரண்டாம் பாதியில் அவள் அறையைவிட்டு வெளியே போக வேண்டும், உடன் வசிப்பவர் உட்கார வேண்டும். ஆபத்து எங்கே இருக்கிறது என்று வீட்டாருக்கே சொல்லத் தெரியாதவர் ஊருக்கு எப்படிச் சொல்வார் என்பது சட்டம் எழுதியவர்களின் வாதம்.

பூபாலனுக்கு அதில் ஒரு வழி தெரிந்தது.

தேர்வாளர் ரெஜினா அந்தோணி திரையில் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தோளில் ஒரு துண்டு. சமைத்துக்கொண்டிருந்துவிட்டு வந்தவர் போலிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு ஜன்னல். அதில் வானம் இல்லை. ஈரம் படிந்த கான்கிரீட் மட்டும் ஜன்னல் முழுக்க நிறைந்திருந்தது. அரசியிடம் அவர் ஒன்றரை மணி நேரம் கேட்டார். அவள் எழுந்து வெளியே போனதும் பூபாலன் உட்கார்ந்தான்.

"புதுத்துறை மதில் எப்படித் தோற்கும்னு உங்க வீட்டம்மா சொல்லியிருக்காங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க மேடம். நான் பல்லு செய்ற ஆளு."

"ஏதாச்சும் ஒண்ணு? ஞாபகம் இருக்கறது?"

"இல்லீங்க."

ரெஜினா கோபப்படவில்லை. எதையோ குறித்துக்கொண்டார். "பரவால்ல. நல்லாப் படிக்கிறவங்க பலருக்கு வீட்டாளுக்கு உட்கார்ந்து சொல்ற பொறுமை மட்டும் இருக்கறதில்ல. இதுல நிறைய பேர் தவறிடுவாங்க."

அவர் தட்டச்சுப் பலகையை நோக்கிக் குனிந்தார். பூபாலன் அவருடைய விரல்களைப் பார்த்தான். இரண்டு மூச்சு விடும் நேரம்தான் அவனால் தாங்க முடிந்தது.

"யாருக்குங்க பொறுமை இல்ல?"

ரெஜினா நிமிர்ந்தார்.

"எட்டு மாசமா நான் பல்லு அரைக்கிற சத்தத்துக்கு மேல கத்திக் கத்திச் சொல்லியிருக்கா. எனக்குப் புரியலன்னா காய்ச்சல்லகூட விடமாட்டா. அவளுக்கா பொறுமை இல்ல? அந்த மதில் உடையாதுங்க. நல்லா நிக்கும். அதுதான் வம்பே. கடல் பொங்குற அன்னைக்கே ஆத்துலயும் வெள்ளம் வந்தா மதகை மூடியாகணும். மூடினா ஆத்துத் தண்ணி போறதுக்கு வழியில்ல. கடலை வெளிய நிறுத்துற அதே மதில் வெள்ளத்தை ஊருக்குள்ள நிறுத்திடும். தண்ணி பின்பக்கமா வரும்."

"மோட்டார் இறைக்குமே?"

"மோட்டாரைப் பார்க்க ஒரு ஆபீஸ், கரண்டைப் பார்க்க ஒரு ஆபீஸ். ரெண்டும் சேர்ற ஸ்விட்ச் ரூம் ஒண்ணு இருக்கு. அது உங்களுதுன்னு இவங்க சொல்றாங்க, உங்களுதுதான்னு அவங்க சொல்றாங்க. பூட்டுக்குச் சாவி ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு, பொறுப்பு யார்கிட்டயும் இல்ல. அந்த ரூம் தரை தெருவைவிடத் தாழ்வு. தண்ணி முதல்ல அங்கதான் போகும். போச்சுன்னா மோட்டார் எல்லாம் நிக்கும். ஆறு மணி நேரத்துல முதல் வீட்டுல கழுத்தளவு."

"முதல் வீடு யார் வீடு?"

"நாங்க போகப்போற வீடு."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ரெஜினா முன்பு எழுதியதை அழித்துவிட்டு வேறெதையோ எழுதினார்.

"பயமா இருக்கா?"

"இருக்குங்க."

"எங்க வீட்டுக்காரருக்கும்தான். இதுக்குக் கீழ குடிவந்து பத்தொன்பது வருஷமாச்சு," என்று பின்னாலிருந்த ஜன்னலைத் தலையால் காட்டினார். "மறுக்கணும்னா இப்பவும் மறுக்கலாம்."

"அதை அவகிட்டதாங்க சொல்லணும்."

திரை அணைந்தது. அவன் கதவைத் திறந்தபோது அரசி கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"உன்னை ஃபெயிலாக்கப் பார்த்தேன்," என்றான்.

"கேட்டுச்சு. கதவு என்ன தேக்கா? வெறும் பிளைவுட்."

"கோவமா?"

"ஆமா. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன்ல?"

"விட்டிருப்பே. அதனாலதான் சொல்லல."

அவள் உள்ளே வந்து அவனை நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "சரி, இப்பக் கேக்கறேன். முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. வேணாம்னா வேணாம்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "அந்த ஸ்விட்ச் ரூமுக்கு யாரு பொறுப்பு?"

"நான் போனா, நான்."

"தரையை உயர்த்துவியா?"

"மூணு ஆபீஸ்ல அனுமதி வாங்கணும். ஒவ்வொருத்தனும் மத்தவன்கிட்டப் போன்னு சொல்லுவான்."

பாடத்துணையின் ஆயிரம் ஏன்களையும் தாண்டி வந்தவளை மூன்று அலுவலகம் என்ன செய்துவிடும் என்று பூபாலனுக்குத் தோன்றியது. "பாவம் அவனுங்க," என்றான். "போலாம்."

ஆடி முடிவதற்குள் குடியேறினார்கள். ஐப்பசி பிறப்பதற்குள் ஸ்விட்ச் ரூமின் தரை இடுப்பளவு உயர்ந்திருந்தது. கதவில் பொறுப்பாளர் என்று ஒரே ஒரு பெயர், மங்கையர்க்கரசி. ஊரில் யாரும் எச்சரிக்கை அறிக்கைகளைப் படிப்பதில்லை என்பதைப் பூபாலன் போன புதிதிலேயே கவனித்துவிட்டான். கடந்துபோகிறவர்கள் இவர்கள் வீட்டை ஒருமுறை பார்ப்பார்கள். பிறகு தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

கார்த்திகையில் அவன் தம்பிக்குப் பெரம்பலூரில் கல்யாணம். மழைக்காலம் முடியும் வரை பொறியாளர் ஊரைவிட்டு நகரக் கூடாது. ஆகவே பூபாலனும் தும்பையும் மட்டும் புறப்பட்டார்கள். சின்னத் தூறல். கடல் அமைதியாக இருந்தது. ஆற்றில் முழங்கால் தண்ணீர். கவலைப்பட ஒன்றுமில்லை என்று காலையில்தான் அரசி சொல்லியிருந்தாள். பூபாலன் பெட்டியை ஆட்டோவில் வைத்தான்.

அடுத்த வீட்டில் இட்லி மாவுக் கடை நடத்தும் கஸ்தூரி வாசலுக்கு வந்தாள். "என்ன தம்பி, பெட்டியோட?"

"கல்யாணங்க்கா. பெரம்பலூர். ரெண்டு நாள்ல வந்துடுவோம்."

"கல்யாணமா?"

"தம்பிக்கு."

"சரி சரி," என்றாள் கஸ்தூரி. அந்தக் குரலில் நம்பிக்கை துளியும் இல்லை.

ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போது பூபாலன் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தான். கஸ்தூரியும் அவள் கணவனும் பெரிய கிரைண்டரை மாடிப்படியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டில் மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஒரு ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. அவன் ஆட்டோவை நிறுத்தி இறங்கித் தூறலில் ஓடிவந்தான்.

"அக்கா, நெசமாவே கல்யாணம்! பத்திரிகை காட்டட்டுமா? மேடம் இங்கதான் இருக்காங்க!"

கஸ்தூரி கிரைண்டரைப் பாதிப் படியில் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினாள். "மேடம் இருப்பாங்க தம்பி. அவங்களுக்கு அது உத்தியோகம். நீங்க இருந்தாத்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். புள்ளையை வேற கூட்டிட்டுப் போறீங்க…"

பூபாலன் நிமிர்ந்து பார்த்தான். மதில் வலப்பக்கம் கறுப்பாக, ஈரமாக எழுந்து நின்றது. பொறியாளர்தான் இங்கே குடியிருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஊர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பயப்படுகிற ஆளை.

அவன் போனை எடுத்தான். "டேய், என்னால வர முடியலடா." மறுமுனையில் தம்பி கத்துவது தெருவுக்கே கேட்டது. "நீ இல்லாம எப்படிண்ணே?" பூபாலன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மூன்று முறை "மன்னிச்சுக்கடா" என்று மட்டும் சொன்னான்.

ஆட்டோ பின்னுக்கு வந்தது. தும்பை உள்ளேயிருந்து தலையை நீட்டினாள். "அப்ப என் பட்டுப் பாவாடை?"

"வீட்டுக்குப் போய்ப் போட்டுக்க. தெரு முழுக்க நடந்து காட்டிட்டு வா."

"எதுக்கு?"

"எல்லாரும் பார்க்கட்டும்."

எதிர்வீட்டு மெத்தை விரிந்தது. கிரைண்டர் மட்டும் பாதிப் படியில், ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றது. கஸ்தூரியின் கணவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வசைபாடிக்கொண்டிருந்தான். பூபாலன் சட்டைக் கையை மடித்துவிட்டு, படியேறி, கனமான பக்கத்தைப் பிடித்தான்.