வாத்தியார் சொன்ன வீட்டு வரலாறு

காலை ஒன்பது பத்துக்கு எலும்புகள் வெளியே வந்தன.

மருந்துக்கடைக்காரர் அந்தப் பழைய வீட்டை வாங்கி இருபது நாள்தான் ஆகியிருந்தது. குளியலறை கட்டுவதற்காக மாடிப்படிக்கு அடியில் இருந்த சுவரை இடிக்கச் சொன்னார். சுவருக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் ஒரு எலும்புக்கூடும் துருப்பிடித்த தையல் கத்தரியும் கிடந்தன. கொத்தனார் கரணையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கே ஓடிவிட்டார்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் டார்ச்சுடன் உள்ளே குனிந்தார். கூடம், படி, கதவு என்று அந்த வீட்டில் எங்கே பார்த்தாலும் பச்சை. எலும்பு கிடந்த அறையின் மூன்று பக்கமும் அதே பச்சைதான். இடித்த சுவரின் வெளிப்பக்கம் பச்சை, உட்பக்கம் வெறும் செங்கல். பெண்ணின் எலும்பு, மண்டையில் விரிசல், முப்பது வருஷத்துக்குக் குறையாது என்றார் போலீஸ் டாக்டர்.

ஏட்டுக்கு அதற்குள் வழக்கே முடிந்துவிட்டது. வீட்டை விற்ற வாத்தியாருக்கு முன்னால் அது ஒரு தையல்காரருடையது. கத்தரியே சாட்சி என்றார். தையல்காரர் செத்துப் பதினைந்து வருஷமாகிறது. செத்தவன் தலையில் பழியைப் போடுவது போல சௌகரியம் உலகத்தில் வேறு உண்டா? எழுந்து வந்து மறுக்கவா போகிறான்.

பதினொன்றரைக்கு இன்ஸ்பெக்டர் அடுத்த தெருவுக்குப் போனார். வீட்டை விற்ற வரலாற்று வாத்தியார் அங்கே வாடகை வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். வயது எழுபத்தெட்டு. பார்த்துக்கொள்ள மகள் மட்டும்தான். அவளுக்கு ஆறு வயதில், வர்ணம் பூச வந்த பெயிண்டரோடு அம்மா ஓடிவிட்டாள் என்பது தெருவறிந்த கதை. ஓடிப்போனவள் மகள் என்றே இரண்டு சம்பந்தம் வாசலோடு திரும்பிப் போனது. நாற்பது வருஷமாக அவள் அந்த அம்மாவை வெறுத்தே வாழ்ந்தாள். அப்பாவின் இடுப்பு ஆபரேஷனுக்காக வீட்டை விற்றவளும் அவள்தான். விற்காதே என்று அவர் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாராம். வீட்டின் மேல் அவ்வளவு பாசம் என்று அவள் நினைத்திருக்கிறாள், பாவம்.

வாத்தியார் வகுப்பெடுப்பது போல வீட்டின் வரலாற்றைச் சொன்னார். கட்டியவர் தானிய வியாபாரி, வெள்ளையடித்தார். அவர் நொடித்துப் போனதும் தையல்காரர் வாங்கி மஞ்சள் பூசினார். பிறகு இவர். ஆண்டு, மாதம் எதுவும் பிசகவில்லை.

"நீங்க வாங்கறப்போ அந்தச் சுவர் இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு. பின்னாடி அறை இருந்ததே எனக்குத் தெரியாது."

"பச்சை அடிச்சது?"

"நாங்க வந்தப்புறம். இவ அம்மாவுக்குப் பிடிச்ச நிறம். அப்புறம் மாத்தவே இல்ல."

"தையல்காரர் அடைச்சிருந்தா உள்ள மஞ்சள்தானே இருக்கணும்? மூணு பக்கமும் பச்சையா இருக்கு. அடைச்ச அறைக்குள்ள போய் வர்ணம் பூசினது யாரு?"

வீடே பச்சை என்பதால் அந்த அறையின் பச்சை யார் கண்ணிலும் உறுத்தவில்லை என்றார் இன்ஸ்பெக்டர். பூசி முடித்த பிறகுதான் சுவர் எழும்பியிருக்கிறது. வெளிப்பக்கத்துக்கு மீந்த வர்ணம் போதும். கத்தரி, தையல்காரர் காலி செய்தபோது விட்டுப்போன சாமான்.

"பெயிண்டரோட அவங்க ஓடல. நீங்கதான் கொன்னு அடைச்சீங்க."

"தள்ளித்தான் விட்டேன்," என்றார் வாத்தியார் கடைசியில். "அவன்கிட்ட சிரிச்சுப் பேசினா. தாங்கல. படியில உருண்டு விழுந்துட்டா." வேலை முடிந்து பெயிண்டர் வேறு ஊருக்குப் போனது தனக்கு வசதியாகப் போயிற்று என்பதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"உன்ன ஒத்த ஆளா வளர்த்தேனேம்மா."

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை.

"வளர்த்தீங்கப்பா. தினமும் அந்தப் படியில உட்கார வச்சுத்தானே பாடம் சொல்லிக் கொடுத்தீங்க? அங்க உட்கார்ந்துக்கிட்டுத்தான், அவ இந்த வீட்டுப் பக்கமே வரக் கூடாதுன்னு நான் சாபம் விட்டேன். நீங்க பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டே இருந்தீங்க."