ஸ்லேட் கணவாய்க்கு வழி சொன்னவர்

லாயிட் ஹெம்ஸ்டெட்டுக்கு வழி சொல்லக் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். பிக்கப் வண்டியின் பின்னால் கேம்பரை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிற கூட்டத்தில் முகாமுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். கட்டிலும் அடுப்பும் உள்ள அந்தச் சக்கர வீட்டை நிறுத்தி, உருளாமல் இருக்கக் கட்டை வைத்த மறு நிமிடமே பக்கத்து இடத்துக்குப் போய், "நாளைக்கு எந்தப் பக்கம்?" என்று பேச்சை ஆரம்பித்துவிடுவார். எந்த மலையில் எவ்வளவு சரிவு, எந்த இறக்கத்தில் பிரேக் சூடேறும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். கேட்டவர்களும் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு அவர் சொன்ன வழியிலேயே போவார்கள். அச்சடித்த காகிதத்தைவிட, அந்தச் சாலையில் கேம்பரை இழுத்துப் போனவனின் வாய்ச்சொல்லுக்குத்தான் இந்தக் கூட்டத்தில் மதிப்பு.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு வருடமாக யாருக்கும் வழி சொல்லவில்லை. அவருடைய மனைவி நோரினுக்கு முதலில் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் மாதம், மாலை நான்கு மணி. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஒரு மலையடிவார முகாமில் பதின்மூன்றாம் எண் இடத்துக்குள் கேம்பரைப் பின்னோக்கி நுழைத்துக்கொண்டிருந்தார்கள். லாயிட் வண்டியில், நோரின் பின்னால். இருவர் கையிலும் வாக்கி டாக்கி.

"இன்னும் கொஞ்சம் வா... போதும், போதும்! அந்த மரம் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"மரத்த நான் பாத்துட்டேன்."

"பாத்துட்டுத்தான் இடிக்க வந்தியா?"

கட்டை வைத்தாயிற்று. நோரின் மடிப்பு மேசையில் வரைபடத்தை விரித்தாள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக இரண்டு வழிகள். ஸ்லேட் கணவாய் ஏறி இறங்கினால் நாற்பது மைல். ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றிப் போனால் நூற்றிமுப்பது.

"பள்ளத்தாக்கு வழியாவே போயிரலாம்" என்றார் லாயிட், வரைபடத்தைப் பார்க்காமலே.

"அட! மலைன்னா துள்ளிக் குதிக்கிற ஆளு நீ. மகாராசாவுக்கு வயசாயிடுச்சா?"

"வேண்டாம்னா விடேன், நோரின்."

குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் அதைக் கேட்டதில்லை.

அப்போதுதான் அந்த நெடி வந்தது. மயிரைப் பொசுக்கியதுபோல, கூடவே காய்ந்த இரும்பு. நெடுநேரம் பிரேக்கை மிதித்தபடி மலை இறங்கிய வண்டியிலிருந்து வரும் நெடி. ஆனால் இவர்கள் வந்ததெல்லாம் சமவெளிச் சாலை.

பக்கத்து இடத்தில் ஒரு பழைய கேம்பர் நின்றது. அது எப்போது வந்தது என்று நோரின் கவனித்திருக்கவில்லை. அதன் சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது. ஒல்லியான ஒருவர், தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அவர்கள் மேசையை நோக்கி நடந்து வந்தார்.

"நாங்க நாளைக்கு அந்தப் பக்கம் போறோம். ஸ்லேட் கணவாய் எப்படிங்க? கேம்பர் இழுக்குமா?"

லாயிட்டின் கையிலிருந்த காபி தளும்பி வரைபடத்தில் கொட்டியது.

"லாயிட், உன்னத்தான் கேக்கறாரு" என்றாள் நோரின்.

"எனக்குத் தெரியாது."

"போன வருஷம் தெரிஞ்சுதே" என்றார் அந்த மனிதர், மிக மெதுவாக.

நோரின் வரைபடத்தைத் துடைக்கத் துணி எடுக்கத் திரும்பினாள். திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை. பக்கத்து இடத்தில் கேம்பரும் இல்லை.

புல் முழங்கால் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. ஒரு சக்கரத் தடம்கூட இல்லை.

நெடி மட்டும் போகவில்லை.

லாயிட் கேம்பருக்குள் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நோரின் கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரில் நின்றாள்.

"யாரு அது?"

"ஏமஸ் பிட்மன். போன வருஷம் ஜூலையில நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப, நான் தனியா மீன் பிடிக்க இங்க வந்தேன்ல? அவரும் அவர் சம்சாரமும் பக்கத்து இடத்துல இருந்தாங்க. முதல் தடவையா கேம்பர் வாங்கி வந்தவங்க. இதே கேள்வியத்தான் கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் பிரச்சனையில்ல, நானே கேம்பர இழுத்துட்டுப் போயிருக்கேன்னு சொன்னேன்."

"போயிருக்கியா?"

"வெறும் வண்டியில போயிருக்கேன். கேம்பர் இல்லாம."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"சுத்தி நாலு பேரு நின்னு கேட்டுட்டு இருந்தாங்க. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல."

"அவங்க?"

"பாதி இறக்கத்துல பிரேக் போயிடுச்சு. ரெண்டு பேரும்..." லாயிட் முகத்தை மூடிக்கொண்டார். "பேப்பர்ல படிச்சேன்."

நோரினுக்கு அவரைத் தொட மனம் வரவில்லை. நாலு பேர் முன்னால் வீறாப்பு காட்ட ஒரு பொய். அதற்கு இரண்டு உயிர். அதை ஒரு வருடம் மூடி வைத்துக்கொண்டு தன் பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறான் இந்த மனிதன். அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, அவரை இங்கிருந்து உயிரோடு கொண்டுபோக வேண்டுமே என்ற பயமும் இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டார்கள். நல்ல வெயில். சாலை பிரியும் இடத்தில் லாயிட் ஆற்றுப் பக்கம் திரும்பினார். அரை மைல் போனதும், பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே சாலை ஒடுங்கிய இடத்தில், ஆரஞ்சு நிறச் சட்டையோடு ஒருவன் கொடி பிடித்து நின்றான். அவனுக்குப் பின்னால் வண்டியளவு பாறைகள் சாலையை அடைத்துக் கிடந்தன. இடது பக்கம் மட்டும் ஒரு குறுக்குச் சாலை மேலே ஏறியது.

லாயிட் கண்ணாடியை இறக்கினார். "எப்ப சரியாகும்?"

"ஆகாதுங்க. மேல போங்க. கணவாய் ரோட்டுல போய்ச் சேரும்."

"கேம்பர் இருக்கே."

"ஒண்ணும் பிரச்சனையில்ல. நானே இழுத்துட்டுப் போயிருக்கேன்."

அவன் தலைக்கவசத்தின் நிழலில் முகம் தெரியவில்லை. வண்டிக்குள் கருகிய நெடி நிறைந்தது.

"திருப்பு" என்றாள் நோரின். "லாயிட், வண்டியத் திருப்பு!"

எங்கே திருப்புவது? ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் ஆறு. கேம்பரை மாட்டிய வண்டிக்கு அந்த அகலம் போதாது. பின்னோக்கிப் போகலாமென்றால், கண்ணாடியில் ஒரு பழைய கேம்பர் அவர்கள் பின்னாலேயே ஒட்டி நின்றது. அதை இழுத்து வந்த வண்டியில் ஓட்டுநர் இல்லை.

லாயிட் மேலே ஏறினார்.

ஏற்றம் ஒரு மணி நேரம் பிடித்தது. உச்சியில் ஒரு மஞ்சள் பலகை இருந்தது. பத்து சதவீதச் சரிவு, பதினோரு மைல். கனத்த வண்டிகள் கியரைக் குறைக்கவும்.

"ரெண்டாவது கியர்ல போட்டுட்டேன்" என்றார் லாயிட். வியர்வை அவர் தாடையிலிருந்து சொட்டியது. "பிரேக்க விட்டு விட்டுத்தான் மிதிப்பேன். மெதுவாவே இறங்கிடலாம். பயப்படாதே."

"நான் பயப்படல. நீ ரோட்டப் பாரு."

அவள் பயந்துதான் இருந்தாள்.

முதல் மூன்று மைல் சரியாகப் போயிற்று. நான்காவது மைலில் கேம்பர் முன்னால் தள்ள ஆரம்பித்தது. பாரத்தின் தள்ளல் நோரினுக்குத் தெரியும். அது ஒரே சீராக இருக்கும். இது அப்படியில்லை. யாரோ கால் ஊன்றி, மூச்சுப் பிடித்து, விட்டு, மறுபடி தள்ளுவது போலிருந்தது.

தலையைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கேம்பரின் முன் ஜன்னலில் திரை விலகியிருந்தது. உள்ளே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஓடும் கேம்பருக்குள் எவரும் இருக்கக் கூடாது.

"பாக்காதே" என்றார் லாயிட். அவரும் பார்த்துவிட்டிருந்தார்.

டாஷ்போர்டு மீதிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. அது அணைத்து வைத்திருந்த கருவி.

"ஒண்ணும் பிரச்சனையில்ல" என்றது.

லாயிட்டின் குரல்.

லாயிட்டின் உதடுகள் மூடியிருந்தன.

"நானே இழுத்துட்டுப் போயிருக்கேன். கண்ண மூடிட்டு இறங்கலாம்."

அதே சிரிப்பு. முகாம் முகாமாக அவள் கேட்டுச் சலித்த, பெருமை பொங்கும் அந்தச் சிரிப்பு. நோரின் கருவியை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசினாள். குரல் நிற்கவில்லை. அது பின்னால் கேம்பரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

லாயிட் பிரேக்கை மிதித்தார். கால் தரைவரை போயிற்று.

"பிடிக்கல."

"லாயிட்..."

"பிடிக்கல, நோரின்! பிடிக்கல!"

வேகம் ஐம்பது. அறுபது. வளைவுகளில் கேம்பர் வால் வீசியது. எழுபதைத் தொட்டபோது, வலப்பக்கம் மலையில் ஏறும் சரளைக்கல் மேட்டை நோரின் பார்த்தாள். பிரேக் போன வண்டிகள் ஏறி நிற்பதற்காகப் போட்டிருந்த மேடு.

"அந்த மேட்டுல ஏத்து! வலது பக்கம்!"

"அதுல ஏறாதீங்க" என்றது பின்னாலிருந்து லாயிட்டின் குரல், மிகுந்த அக்கறையோடு. "கீழ வரைக்கும் நல்ல ரோடுதான்."

லாயிட் ஸ்டியரிங்கை நேராகவே பிடித்திருந்தார். ஒரு வினாடி அவர் அந்தக் குரலை நம்பிவிட்டார் என்றே தோன்றியது. தன் குரலை யார்தான் நம்பமாட்டார்கள்? நோரின் குறுக்கே பாய்ந்து இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.

கல் மழை. இருட்டு. பிறகு அசைவில்லை.

லாயிட் பிழைத்துக்கொண்டார். ஸ்டியரிங் மோதித் தாடை உடைந்திருந்தது, தொண்டை நசுங்கியிருந்தது. மலைக்கு அந்தப் பக்க ஊரின் மருத்துவமனையில் தாடையைக் கம்பியால் கட்டி, மூச்சுக்குத் தொண்டையில் குழாய் வைத்துப் படுக்கவைத்திருந்தார்கள். பள்ளத்தாக்குச் சாலையில் பாறை எதுவும் விழவில்லை, அங்கே கொடி பிடிக்க எவரையும் நிறுத்தவில்லை என்று விசாரிக்க வந்த காவலர் சொன்னார். நோரின் வாதாடவில்லை. வீட்டுக்காரர் மூச்சு விடுகிறார், அது போதும் என்று நினைத்துக்கொண்டாள். அவர் கண்ணீர் வழியக் காகிதத்தில் "இனி யாருக்கும் வழி சொல்லமாட்டேன்" என்று எழுதிக் காட்டியபோது, முதல் முறையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கேம்பருக்குப் பெரிய சேதமில்லை. அதை ஊரோர முகாமில் நிறுத்தி, மகள் வீடு அங்கிருந்து இன்னும் தூரம் என்பதால் அதிலேயே தங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய் வந்தாள்.

ஒன்பதாம் நாள் காலை அவள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, எதிர் இடத்துக்காரி காரில் சாமான்களை அடுக்கிவிட்டு ஓடி வந்தாள். கெல்சி என்று பெயர். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய்.

"அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப நன்றி சொல்லிருங்க. என்ன தங்கமான மனுஷன்!"

"யாருக்கு?"

"காலையில இங்கதான உக்காந்திருந்தாரு. நாங்க பள்ளத்தாக்கு வழியா சுத்திப் போகலாம்னு இருந்தோம். எதுக்கும்மா சுத்தறீங்க, கணவாய்ல நானே கேம்பர இழுத்துட்டுப் போயிருக்கேன்னாரு. எங்க வீட்டுக்காரர் கேம்பர மாட்டிட்டு, புள்ளைங்களக் கூட்டிட்டு அப்பவே கிளம்பிட்டாரு. நான் பின்னாலயே கார்ல போறேன்."

நோரின் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "கூப்பிடு. உன் வீட்டுக்காரர இப்பவே கூப்பிடு. நிறுத்தச் சொல்லு!"

"என்னக்கா... என்ன ஆச்சு?"

"கூப்பிடும்மா!"

கெல்சி போனைக் காதில் வைத்தாள். மலையில் தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடியும்.

இரண்டு இடம் தள்ளி, ஒரு பெரிய கேம்பரின் மறைவில், யாரோ ஒருவர் சந்தோஷமாகச் சொல்வது கேட்டது.

"ரொம்ப நன்றி சார். அப்ப நாங்களும் கணவாய் வழியாவே போயிடறோம்."