விறகுக்குப் போனவன்

வெட்டிய பச்சை மரத்தின் வாசனை எப்போது வீட்டுக்குள் வந்தது என்று அட்சுவுக்குத் தெரியவில்லை. ஹோ நகரத்தின் அந்த இரண்டறை வாடகை வீட்டில் கேஸ் அடுப்பைத் தவிர எதுவும் எரிந்ததில்லை. இந்த மாதத்துக் காற்று தூசியைத்தான் கொண்டுவரும், சாறு கசியும் வேப்பங்கட்டையின் இந்தக் கசந்த ஈர வாசனையை அல்ல. டயாலிசிஸ் முடிந்து வரும் மாலைகளில் மூக்கு ஏமாற்றும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு கட்டிலின் வலது ஓரத்தில் படுத்தான்.

இடது பாதி எட்சேயுடையது. கூடவே பிறந்து, ஐந்து வயதில் காய்ச்சலில் இறந்துபோனவன். ஆனால் அந்தச் சொல்லை வீட்டில் யாரும் சொன்னதில்லை. அந்தப் பக்கத்து வழக்கில் இரட்டையரில் ஒருவன் சாவதில்லை, காட்டுக்கு விறகு பொறுக்கப் போகிறான், அவ்வளவுதான். அவனுக்குப் பதிலாக மூலையில் நிற்கும் சாண் உயர மரப்பொம்மையை அம்மா மாவுசி குளிப்பாட்டி உடுத்துவாள். அட்சுவுக்கு எதைக் கொடுத்தாலும் அதற்குப் பாதி வைப்பாள்.

இன்று மருத்துவமனையில் அவளைப் பேச வைத்ததும் அந்தப் பழக்கம்தான்.

கிட்னி தர ஆளில்லை. தங்கை யாய்ராவின் ரத்தம் பொருந்தியது. அவள் கணவன் விடவில்லை. சித்தப்பா மகன்கள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். சர்ச்சிலிருந்து வந்த ஒரே ஆளுக்குச் சர்க்கரை இருந்தது.

"வேற யாருமே இல்லையாம்மா? கூடப் பொறந்தவங்க?" என்று கேட்டாள் நர்ஸ் அச்சியா. குமாசிக்காரி, இந்தப் பக்கத்துக்குப் புதியவள்.

"இருக்கான். இவனோட ஒரே வயித்துல ஒன்னாக் கெடந்தவன்."

அச்சியா கைதட்டினாள். "ரெண்டு பேரும் ஒரே மாதிரியா? அட அட்சு அண்ணே, வீட்டுக்குள்ளயே வச்சிக்கிட்டா ஊரெல்லாம் கெஞ்சிட்டுத் திரிஞ்சீங்க! இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா? எங்க அவரு?"

"விறகுக்குப் போயிருக்கான்."

"கிட்னி பெருசா, விறகு பெருசா? ஆளனுப்பிக் கூப்பிடுங்கம்மா!"

சொல்லாதே என்று அட்சு கண்ணால் கெஞ்சினான். அம்மா அவனுடைய வீங்கிய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கூப்பிடுறேன்" என்றாள்.

எந்தத் தாயும் அதைச் சொல்வதில்லை. காட்டுக்குப் போனவனுக்குச் சோறு வைக்கலாம். திரும்பி வா என்று கூப்பிடக் கூடாது.

இப்போது சமையலறையில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. எட்சேவுக்குப் பிடித்தது.

"நெசமாவே கூப்பிட்டியாம்மா?"

"கூப்பிட்டேன். உனக்கெதுக்குடா, அண்ணனுக்குக் குடுத்துருன்னேன்." கரண்டிச் சத்தம் நின்றது. "எதுன்னாலும் பாதிப் பாதின்னு சொல்லித்தானே வளத்தேன். மாட்டேங்க மாட்டான்."

அட்சுவுக்கு நாக்கு வறண்டது. நாளுக்கு அளந்து கொடுத்த தண்ணீர் முடிந்துவிட்டிருந்தது. ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, தூங்கப் போகுமுன் செய்வதுபோல இடது கையைக் காதருகே வைத்தான். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடத்தில் ரத்தம் தேனீக்கூட்டம்போல இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சல் இருக்கும்வரை அடுத்த டயாலிசிஸ் உண்டு. அது நின்றால் எதுவும் இல்லை.

மின்சாரம் போனது.

பின்கதவருகே கனமான ஏதோ ஒன்று தொப்பென்று விழுந்தது. கட்டு அவிழ்ந்து, கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உருளும் சத்தம்.

"அம்மா?"

வேப்ப வாசனை அறையை நிறைத்தது. வெறுங்கால் ஓசை. ஈரமான கால். சிறிய கால். சமையலறையைக் கடந்து வந்தது. கட்டிலருகே நின்றது.

மெத்தையின் இடது பாதி அமிழ்ந்தது.

முதுகில் ஒரு மூச்சு. ஒரு குட்டிக் கை, மரப்பட்டைபோலச் சொரசொரத்த கை, அவன் விலாவைத் தடவித் தேடியது. கீழே இறங்கியது. நின்றது.

வலி இல்லை. குளிர்தான்.

அப்புறம் அந்த இரைச்சல். தேனீ இரைச்சல். அறையின் அந்தக் கோடியிலிருந்து கேட்டது.

கையைக் காதுக்குக் கொண்டுவரப் பார்த்தான். கை வரவில்லை. கண்ணை மூடப் பார்த்தான்.

மூட முடியவில்லை.

மின்சாரம் வந்தது. எல்லாம் பெரிதாக இருந்தது. கதவு பெரிது. கட்டில் பெரிது. கட்டிலில் இன்னொருவன் உட்கார்ந்திருந்தான், அட்சுவின் முகத்தோடும் தையல் போட்ட கையோடும். பாதங்களில் காட்டுச் சேறு. இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தான்.

"மெதுவா குடிடா எட்சே, பொறையேறப் போகுது" என்று அம்மா அவன் முதுகைத் தடவினாள். போன் அடித்தது. எடுத்தாள்.

"யாய்ராவா? இங்க எல்லாம் நல்லாருக்குடி." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அட்சுவா? அவன் விறகுக்குப் போயிருக்கான்."

போனை வைத்துவிட்டு, குடத்தில் மிச்சமிருந்த பாதியைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு மூலைக்கு வந்தாள். குனிந்தாள். அவள் முகம் சுவர்போல அகன்று அட்சுவின் பார்வையை மறைத்தது. கிண்ணத்தின் விளிம்பை அவன் உதட்டில் வைத்துச் சாய்த்தாள்.

தண்ணீர் உள்ளே போகவில்லை. மரத்தின் மேல் வழிந்து, தரையில் சொட்டியது. தாகம் அப்படியே இருந்தது.